மாடியின் கடைசிச் சுவர்

யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்த பஸ் வெள்ளாங்குளத்தைத் தாண்டும்போது கைபேசி அடித்தது. பிலோமினா அக்கா காலையில் போய்விட்டார் என்று அவருடைய தம்பி சொன்னார். இருதயம்தான். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மடுத் திருவிழாவுக்கு ஒன்றாகப் போவோம் என்று போன கிழமைதான் சொல்லியிருந்தார்.

கந்தோரில் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அக்கா எதையும் அரைகுறையாக விடமாட்டார். வரிசையில் நின்ற கடைசி ஆளையும் அனுப்பிவிட்டுத்தான் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். நான் பசியில் முறைத்தால், "பாதியிலை திருப்பி அனுப்பினால் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை" என்பார். அது எங்கிருந்து வந்த பேச்சு என்று, யாத்திரைக் கூட்டத்தோடு இரண்டு பேரும் இந்தியாவுக்குப் போன வேளாங்கண்ணிப் பயணத்தில்தான் விளங்கியது.

திரும்பும் வழியில் சென்னையில் ஒரு நாள் கிடைத்தது. எங்கள் கூட்டம் முழுவதும் சேலைக் கடைக்குள் நுழைய, அக்கா என்னை ஆட்டோவில் ஏற்றி நகரத்தின் பெரிய கலைக்கூடத்துக்குக் கொண்டுபோனார். இளவயதில் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தபோது ஒருமுறை அங்கே வந்திருக்கிறார். கீழ்த்தளத்தைப் பார்த்து முடித்து, ஓவியங்கள் இருக்கும் மாடிக்கு ஏறப் படியில் கால் வைத்த நேரம், முகாமில் ஆட்களை எண்ண வருகிறார்கள் என்று தகப்பன் இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். நேரத்துக்குப் போய் நிற்காவிட்டால் முகாம் பட்டியலில் பெயரை வெட்டிவிடுவார்கள்.

ஓவியத்தைப் பற்றி அக்காவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அன்று கற்சிலைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவையெல்லாம் முன்பே பார்த்தவை என்று சொல்லி, நேரே படிக்கட்டுக்குப் போனார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. படி ஏறவேண்டாம் என்று டொக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். டொக்டருக்கு இந்தப் படியைப் பற்றித் தெரியாது என்றார். ஏறி, இருந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறினார்.

மேலே ராசாக்கள், ஆறுகள், பெயர் தெரியாத பெண்கள். ஒவ்வொன்றின் முன்னும் நின்றார். எனக்குக் கால் கடுத்தது. கடைசிச் சுவருக்கு வருமுன்பே வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

மூடும் நேரம் ஆனதும் காவலாளி வந்து ஒரு பக்க விளக்குகளை அணைத்தார். கிளம்புங்கள் என்றார். அக்கா சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, போன தரமும் என்னை இடையிலை கூட்டிக்கொண்டு போனவை. இண்டைக்கு என்னை எண்ணுறதுக்கு ஒருத்தரும் காத்துக்கொண்டிருக்கேல்லை. இந்தச் சுவரை முடிச்சிட்டு வாறன்."

காவலாளிக்கு எவ்வளவு விளங்கியதோ, மற்றப் பக்க விளக்குகளை அணைக்காமல் சாவிக்கொத்தோடு நின்றார்.

படி இறங்கும்போது, கடைசிப் படத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"மாம்பழம். நல்லாக் கீறேல்லை. ஆனால் பார்த்திட்டன்."

ஆட்டோவில் வரும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

தோட்டவெளிச் சேமக்காலையில் அக்காவின் குழிக்கு மண் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர் பார்த்து முடித்த அந்தச் சுவரை நான் இன்னும் பார்க்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அடுத்த வேளாங்கண்ணிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கூட வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன், சேலைக் கடைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். அந்த மாம்பழத்தைப் பார்க்காமல் நான் படி இறங்கப் போவதில்லை.