மடங்கிய கையும் பஸ்ஸில் வந்த அக்காவும்

இதை நம் குரூப்புக்கு வெளியே யாருக்கும் காட்டிவிடாதீர்கள். அம்மாவின் போனில் எழுதுகிறேன்.

சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டி என் வலது கை விரல்கள் மடங்கிப்போனது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆபரேஷன். விரல்களை நிமிர்த்தி, தொடைத் தோலை வைத்துத் தைத்து, கம்பி போடுவார்களாம். பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தேன்.

இன்று தேனியிலிருந்து சின்னமனூர் வரும் பஸ்ஸில், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், துப்பட்டாவுக்குள் நான் ஒளித்திருந்த கையைப் பார்த்துவிட்டார்.

"எனக்கும் இப்படித்தான் ஆத்தா இருந்துச்சு. டாக்டருதான் நிமித்திவிட்டாக."

தழும்போடு இருந்த விரல்களை விரித்துக் காட்டினார்.

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும். இப்ப இந்தக் கையிலதான் கத்திரி பிடிச்சுக் கொத்து வெட்டுறேன். சுண்டுவிரல் மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

திங்கட்கிழமை நான் ஆபரேஷனுக்குப் போகிறேன்.

என்னை 'முட்டி' என்று கூப்பிடுகிறவர்கள் கமெண்டில் பெயர் போடுங்கள். விரிந்த கையால் கன்னத்தில் விழும் முதல் அறை யாருக்கு என்று…

அம்மா போனைக் கேட்டுக் கதவைத் தட்டுகிறார்.