பாக்கியம் அக்கா பேசின வகுப்பறை

விசேட தேவையுள்ள பிள்ளைகளின் வகுப்பில் உதவியாளர் வேலை என்றால், டீச்சர் படிப்பிப்பார், மிச்சம் எல்லாவற்றையும் நீங்கள் பார்க்க வேண்டும். அந்த மிச்சத்தில் என்னென்ன அடங்கும் என்று வேலைக்கு எடுக்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கும் சொல்லவில்லை. அதுவரை கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டி மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருந்தவள் நான். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து விடிய பஸ் பிடித்து வரவேண்டும். பிள்ளைகளோடு பழக்கம் என்றால் மாதா கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுத்ததுதான். இதே வேலைக்கு வந்து, முதல் வாரமே சொல்லாமல் ஓடிவிடலாமா என்று யோசித்தவர்கள் உங்களில் இருந்தால், தைரியமாக மேலே வாசியுங்கள். நான் முதல் நாளே யோசித்தேன்.

கதவைச் சாத்தச் சொன்னது

எங்கள் வகுப்பு பாடசாலைக் கட்டடத்தின் கடைசி அறை. பின்னால் மண்மேடு, அதன்மேல் ஒரு கிழட்டுப் பலாமரம். காலையில் பனி இறங்கினால் யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. முதல் நாள் டீச்சர் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். அலவத்துகொடையில் இருந்து ஒரு உம்மா தன் மகனைக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடினார். பையன் பெயர் நஸீம். என்னை நிமிர்ந்தும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சோடா மூடிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

நான் முதுகைக் காட்டி யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தேன். "கதவச் சாத்துங்க, பனி உள்ள வருது" என்றது ஒரு பெண் குரல். வயதான, கொஞ்சம் கரகரத்த, நம் தோட்டத்துக் குரல். கடைசியில் சின்னதாக ஒரு இருமல். திரும்பினால் அறையில் நஸீம் மட்டும்தான். வாசலில் போய்ப் பார்த்தேன், நடையில் யாருமில்லை. மறுபடி அதே குரல், அதே இருமல். இந்த முறை பார்த்துக்கொண்டே இருந்ததால், அது அந்தச் சின்னப் பையனின் வாயில் இருந்து வருவதைக் கண்டேன். போய்க் கதவைச் சாத்தினேன்.

சிவகாமி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் முடித்துக் கண்டிக்கு வந்தவர். அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கைப்பையை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "அது எங்கட பாக்கியத்தின்ட குரல், மேரி. உமக்கு முதல் இந்த வேலை செய்தவ. போன தவணை நெஞ்சு நோவு வந்து செத்துப் போயிட்டா."

அந்தக் கதிரை

நஸீமுக்குச் சொந்தமாகப் பேச்சு வராது, கேட்டதைக் கேட்ட மாதிரியே திருப்பிச் சொல்லுவான், இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று டீச்சர் விளக்கினார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் தெரிந்தபிறகும் கழுத்து மயிர் எழும்புவது நிற்கவில்லை.

வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது. இரண்டாம் நாள் கால் வலித்து அதில் உட்காரப் போனேன். தர்ஷினி என்ற பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். கோபமில்லை, அழுகையில்லை. யாரோ உட்கார்ந்திருக்கிற இடத்தில் தெரியாமல் உட்காரப் போனவளை விலக்குவதுபோல மெதுவாக விலக்கினாள். பிறகு குனிந்து, கதிரையின் முன்னால் வெறும் காற்றில், சேலைக் கொசுவத்தை நீவி விடுவதுபோல இரண்டு கையாலும் நீவினாள். அதன்பிறகு நான் நின்றுகொண்டே வேலை செய்தேன்.

பின்னேரம் நஸீமின் உம்மா வந்தபோது, வீட்டிலும் பையன் இப்படிப் பேசுகிறானா என்று கேட்டேன். அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "பாக்கியம் அக்கா மவுத்தான அண்டைக்கு, எங்களுக்கு ஒத்தரும் சொல்ல முந்தியே, இவன் அவங்கட இருமல நாள் பூரா இருமிக்கிட்டு ஈந்தான் மிஸ்."

காதைப் பொத்தினாள்

ஒரு நாள் நல்ல வெயில். பிள்ளைகள் யன்னலோரம் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று தர்ஷினி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். வெளியே காகம்கூடக் கத்தவில்லை. ஆனால் டீச்சர் அந்த நொடியே எழும்பி, "எல்லாரையும் இங்கால கொண்டு வாரும்" என்று பிள்ளைகளை அறையின் மறுபக்கம் இழுக்கத் தொடங்கினார். கையெல்லாம் களிமண்ணோடு நானும் இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு போனேன். வெயில் அடிக்கிற நேரத்தில் என்ன விளையாட்டு இது என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். பலாமரத்தின் பெரிய கொப்பு ஒன்று கூரைத் தகரத்தில் விழுந்து, யன்னல் கண்ணாடியை உள்ளே தள்ளியது. பிள்ளைகள் இருந்த பாயெல்லாம் கண்ணாடித்தூள். மரம் முறிகிற முதல் சத்தம் அவளுக்கு நமக்கு முன்பே கேட்டிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு டீச்சரைப் பார்த்தேன். அவர் விளக்குமாற்றை எடுத்து என் கையில் தந்தார்: "அவ காதைப் பொத்தினா நாங்கள் ஏனெண்டு கேக்கிறேல்லை."

தண்ணித் தொட்டி

குமரன் எங்கள் வகுப்பிலேயே சின்னவன். வாய் பேசமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான், தண்ணீரைக் கண்டால் விடமாட்டான். பாடசாலைக்குப் பின்னால், மண்மேட்டைத் தாண்டி ஒரு பழைய தண்ணித் தொட்டி இருந்தது. குழாய்த் தண்ணீர் வந்தபிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அன்று பகலிலும் பனி விலகவில்லை. பகல் சாப்பாடு கொண்டுவந்தவர் போகும்போது கதவு சரியாகச் சாத்துப்படவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் பார்த்தால் குமரனின் இடம் காலி. டீச்சர் முதலில் நினைத்தது பஸ் ஓடுகிற ரோட்டை. வாட்ச்மனையும் கூட்டிக்கொண்டு கேட் பக்கம் ஓடினார். நான் வாசலில் நின்று குமரன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பனிக்குள் என் சத்தம் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கரகரத்த குரல் கேட்டது. "ராசா, தொட்டிப் பக்கம் போகாத. அக்கா வர்றேன், அங்கேயே நில்லு." நஸீம் சுவரைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். எந்தத் தொட்டி என்று அவனிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்து வகுப்பு டீச்சரிடம், "ஒரு தொட்டி இருக்குதாமே, எங்கங்க?" என்று கத்தினேன். அவர் மேட்டைக் காட்டினார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாசி படிந்த படிகளில் கையையும் ஊன்றி ஏறினேன்.

குமரன் தொட்டி விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். கீழே மழைத்தண்ணீர் கறுப்பாகத் ததும்பி நின்றது. அவன் உடம்பு தண்ணீர்ப் பக்கம் சரிந்திருந்தது. ஆனால் விழவில்லை. அவனுடைய இடது கை தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாக நீண்டு, விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல மடங்கியிருந்தன. அந்தப் பக்கத்தில் பனி மட்டும்தான் இருந்தது. நான் பெயரைச் சொல்லவில்லை, மூச்சுக்கூட விடவில்லை. இடுப்பைச் சேர்த்து அணைத்துத் தூக்கினேன். என் தோளில் சாய்ந்தபிறகுதான் அந்த விரல்கள் மெல்ல விரிந்தன. அவன் கை சுடச்சுட இருந்தது, அந்தக் குளிரிலும். இருந்த இடத்திலேயே குந்திக்கொண்டு அழுதுவிட்டேன்.

எங்களைத் தேடி வாட்ச்மன் மேலே வந்தார். சிங்கள மனிதர், தமிழ் கொஞ்சம் கொஞ்சம் வரும். தொட்டியைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்: "முந்தியும் இந்தப் புள்ள இங்கதான் வாறது, மிஸ். பாக்கியம்தான் கையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறது."

கேட்க வந்தவர்

அந்த வாரமே தொட்டிக்கு மூடி போட்டுவிட்டார்கள். கதை அதற்குள் கலஹா பஸ் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்ட வயதான ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பாக்கியம் அக்காவின் புருசன் முத்தையா. "எங்கிட்ட அவ போட்டோ இருக்குங்க, குரலு இல்லீங்க. ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடுறேன்" என்றார். டீச்சர் அவரை உள்ளே கூப்பிட்டார். அவர் போய் உட்கார்ந்ததும் அந்த வாசலோரக் கதிரையில்தான். தர்ஷினி பார்த்தாள், ஒன்றும் செய்யவில்லை.

நஸீம் அன்று வாயே திறக்கவில்லை. நான் வேண்டுமென்றே கதவைத் திறந்துவைத்துப் பார்த்தேன், பனி உள்ளே வந்ததுதான் மிச்சம். முத்தையா கைகளை மடியில் கோத்தபடி பொறுமையாக இருந்தார். பாடசாலை விடுகிற மணியும் அடித்தது. "பரவாயில்லீங்க, புள்ளைய தொந்தரவு பண்ண வேணாம்" என்று எழும்பினார்.

"மாத்திரை போட்டீங்களா?" என்றது அந்தக் குரல்.

முத்தையா அப்படியே நின்றுவிட்டார். நஸீம் மூடிகளை அடுக்கிக்கொண்டே தொடர்ந்தான். "போட்டேன்னு சும்மா சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்." பிறகு அந்தச் சின்ன இருமல். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். பாக்கியம் அக்கா வகுப்பில் இப்படிப் பேசி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "இது வீட்டுல சொல்றதுங்க" என்றார் முத்தையா, யாரையும் பார்க்காமல். "ராவுல வெளக்க அணைக்க முன்னுக்கு சொல்றது. இந்தப் புள்ள எங்க வீட்டுக்கு வந்ததே இல்லீங்களே."

கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவில்லை. பிறகு சட்டைப் பையில் கைவிட்டு, பிரிக்காமல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, மாத்திரை போடணும்."

இப்போது நஸீம் என் குரலையும் எடுக்கத் தொடங்கிவிட்டான் என்பதால், வகுப்பில் ஒரு வார்த்தை கோபமாகப் பேசுவதற்கு முன்னால் கூட, நான் செத்தபிறகு அதைக் கேட்கப் போகிறவர்கள் யார் யார் என்று ஒருமுறை யோசித்துக்கொள்கிறேன்.