ஒன்பதாவதாக வந்து ஜெயித்தேன்

பாலத்திலிருந்து இறங்கும்போதும் அக்கா பின்னால் வந்துகொண்டுதான் இருந்தாள். செருப்புகூடப் போடாமல் கிளம்பி வந்திருந்தாள்.

"டேய், நில்லுடா. ஒரே ஒரு வார்த்த. சொன்னா வாயி கோணிக்குமா?"

"கோணிக்கும்."

"நாளைக்குக் காலைல உன் மொற. நைனாவோட மொறடா அது. அத வுட்டுட்டு எங்க போற?"

"வேல தேடி."

"கையில கீற வேலைய வுட்டுட்டு வேல தேடிப் போறவன இப்பதான் பாக்கறேன்."

நான் திரும்பவில்லை. பழவேற்காட்டுக் கடைத்தெரு வந்ததும் ஒரு கருவாட்டுக் கடை ஓரமாக அவள் நின்றுவிட்டாள். "போ. சோத்துக்குன்னு இந்தப் பக்கம் வந்துடாத" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் வா என்று பொருள். கூட்டத்தில் புகுந்து காட்டூர் ரோட்டைப் பிடித்தேன்.

அவள் சொன்ன முறை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வலை கட்ட நல்ல இடங்கள் சிலதான் உண்டு. இறால் அந்த வழியாகத்தான் போகும். எல்லோரும் ஒரே நாளில் போய் நின்றால் வெட்டுக்குத்தாகிவிடும். அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இந்த நாள் இந்த இடம் இன்னாருக்கு என்று வைத்திருக்கிறார்கள். இதற்குப் பாடு என்று பெயர். நைனா, எங்கள் அப்பா, இறந்த பிறகு அவர் முறை எனக்கு வந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, துறைமுகத்தில் கண்டெய்னர் கழுவும் வேலை, ஆந்திரா எல்லையில் இறால் பண்ணை என்று எங்கெங்கோ திரிந்தேன். எங்கே இருந்தாலும் என் முறை வருகிற நாளுக்கு ஊருக்கு வந்துவிடுவேன். ஊரில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வீடு அக்காவுடையது.

அந்த முறையைத்தான் பந்தயத்தில் வைத்தேன்.

ஒருவனுக்கு எதிராக ஒருவன் கட்டும் பந்தயத்தை நான் கற்றுக்கொண்டது இறால் பண்ணையில். அங்கே சமையலோடு ஒரு குளத்தையும் பார்த்துக்கொள்ளும் தெலுங்குக்காரர் ஒருவர் இருந்தார். கிரிக்கெட் நடக்கிற நாளெல்லாம் போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டுதான் சமைப்பார். எந்த அணி ஜெயிக்கும் என்று அவர் கேட்கவே மாட்டார். இரண்டு ஆட்டக்காரர்களைச் சொல்வார். இவனா அவனா, யார் அதிகம் அடிப்பான், ஒருவனைப் பிடி என்பார். தோற்றவன் ஜெயித்தவனுடைய குளத்துக்கும் சேர்த்துத் தீவனம் போட வேண்டும்.

முதல் தடவை நான் பிடித்த ஆள் எழுபது ரன் அடித்தான். அவன் அணியும் ஜெயித்தது. நான் குளத்துக் கரையில் துண்டைச் சுற்றி ஆடினேன். சமையற்காரர் ஆடி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் ஆளு எழுபத்தி நாலு. தீவன மூட்ட அங்க கீது" என்றார்.

இன்னொரு நாள் என் ஆள் இரண்டு ரன்னில் வெளியே போனான். அணியே சுருண்டுவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த என்னிடம் அவர் வந்து, "போய்ப் படு. என் ஆளு ஒரு ரன்னு" என்றார். அன்றைக்கு அவர் எனக்காகத் தீவனம் போட்டார்.

அந்த இரண்டு நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். இந்தப் பந்தயத்தில் உலகம் இரண்டு பேரோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவது ஆள் சதம் அடிக்கலாம், கோப்பையைத் தூக்கலாம், அவனுக்கும் நமக்கும் பேச்சில்லை. முதலில் வர வழியே இல்லாதவனும் இதில் ஜெயிக்கலாம். எனக்கு அது பிடித்திருந்தது. நான் எதிலும் முதலில் வந்ததில்லை. அந்தச் சமையற்காரர் பின்னால் போனிலேயே முன்பின் தெரியாதவர்களோடு கட்ட ஆரம்பித்து, கடைசியில் போனையும் விற்றுவிட்டுப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். நான் முகம் தெரியாதவனோடு கட்டியதில்லை.

காணும் பொங்கலுக்கு ஏரியில் பாய்மரப் போட்டி உண்டு. எஞ்சின் கூடாது. சின்னப் படகு, ஒரு பாய், ஒரே ஆள். சுற்றுப்பட்டுக் குப்பங்களிலிருந்து பன்னிரண்டு படகுகள் வந்தன. முதலில் வருகிற படகு மட்டும் பாயை விரித்தபடி கரைக்கு வரலாம். மற்ற பதினொன்றும் ஏரியில் நட்ட எல்லைக் கொம்பைத் தாண்டியதும் பாயை இறக்கிவிட்டு, கோல் ஊன்றித்தான் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஜெயித்தவன் ஒருவன், மற்ற எல்லோரும் ஒன்று.

எங்கள் குப்பத்துக்கு இந்த வருஷ நம்பிக்கை அக்கா புருஷன்தான். படகு புதுசு, பாய் பெரிசு. போட்டிக்கு முந்தின நாள் படகுத்துறையில் எல்லோரும் இருக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மச்சான், நீயும் வர்றியா? தார்ப்பாய எங்க திருடுன?"

என் பாய் தார்ப்பாயில் தைத்தது. திருடியது இல்லை.

"மாமா, உன்னோட நான் பெட்டு கட்றேன்" என்றேன். "மத்தவன் எவன் எப்படி வந்தாலும் சரி. நம்ம ரெண்டு பேர்ல யாரு முன்னாடின்னு மட்டும்தான் கணக்கு. என் மொற, உன் மொற. தோத்தவன் குடுத்துடணும்."

"பேஜார் பண்ணாத. உன் அக்கா என்ன அடிப்பா."

"பயமாக் கீதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலில் வரப்போகிறவன் எப்படியும் தார்ப்பாய்க்காரனுக்கு முன்னால்தானே வருவான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தார். அவர் பன்னிரண்டு படகோடு போட்டி போட வந்தார். நான் ஒரு படகோடு போட்டி போட வந்தேன்.

வாடைக்காற்று நன்றாக அடித்தது. கிளம்பும்போதே நான் அவருக்கு மேல்காற்றில், காற்று வரும் பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டேன். அவருக்கு வர வேண்டிய காற்றை என் தார்ப்பாய் வாங்கிக்கொண்டது. காற்று வராத பெரிய பாய் வெறும் துணி. அது படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் மேலே ஏறினால் நானும் ஏறினேன், கீழே இறங்கினால் நானும் இறங்கினேன். மற்ற படகுகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின.

"டேய், தள்றா. போட்டிடா இது" என்று கத்தினார்.

"ஆமா மாமா. நம்ம போட்டி" என்றேன்.

அதற்கு மேல் அவர் சொன்னதை எழுத முடியாது. கோட்டைக்குப்பத்துப் படகு முதலில் போய்ச் சேர்ந்து, அந்தக் கரையில் பட்டாசு வெடித்தது. எல்லைக் கொம்பைத் தாண்டும்போது நான் ஒன்பதாவது. ஒரு படகு நீளம் பின்னால் அவர் பத்தாவது. அவர் பாயை இறக்கினார். நான் இறக்கவில்லை. நான் ஜெயித்தவன். பாயை விரித்தபடி கரைக்கு வந்தேன்.

யாரும் ஆரவாரம் செய்யவில்லை. ஒரு கிழவர் மட்டும், "இவன் இன்னா, கணக்குத் தெரியாம வர்றான்" என்றார்.

மறுநாள் காலை கோவில் முன்னால் ஊர் கூடியது. இரண்டு பேரையும் நிற்கவைத்தார்கள். தலைவர் நிதானமான மனிதர். முறையைப் பந்தயம் வைத்தது தப்பு என்றார். ஊர்ப் படகின் காற்றை ஊர்க்காரனே மறித்தது அதைவிடத் தப்பு என்றார். பிறகு, "ரெண்டு பேருமே மொதல்ல வரல. அதனால ரெண்டு பேருமே தோத்தீங்க. ரெண்டு மொறையும் கோயிலுக்கு. 'தோத்தேன்'னு ஊரு முன்னாடி சொல்றவனுக்கு அவன் மொற திரும்பக் கெடைக்கும்" என்றார்.

மாமா உடனே விழுந்து கும்பிட்டு, தோத்தேன் என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

என் பக்கம் திரும்பினார்கள்.

"மொறைய வச்சதுக்குத் தண்டம் போடு தலைவரே. காத்த மறிச்சதுக்கும் போடு. ரெண்டும் நான் செஞ்சதுதான். தோத்தேன்னு மட்டும் சொல்லமாட்டேன். தோக்கல."

"பன்னெண்டுல எத்தினியாவதோ வந்தவன் இன்னாடா ஜெயிச்ச?" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டு பேரு முதுகோட முதுகு வச்சி ஒசரம் பாக்கறப்ப, மூணாவது ஆளு ஒசரம் எதுக்குண்ணே?" என்றேன். "மாமாவக் கேளுங்க. யாரு முன்னாடின்னு அவரு சொல்லட்டும்."

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி உதறினார். முதல் படகு வந்த பிறகு கரையில் யாரும் எல்லைக் கொம்பைப் பார்க்கவில்லை. என்னைத் தவிரப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

"மொற உனக்கு வேணுமா வேணாமா?" என்றார் தலைவர்.

"வேணும். அத வச்சித்தான் ஜெயிச்சேன்."

"நாளைக்குத் தண்ணி எறங்கறதுக்குள்ள வந்து சொல்லு. இல்லன்னா கோயிலுக்காக வேற ஆளு வல கட்டுவான்."

அவர் என்னைத் துரத்தவில்லை. அதை இங்கே சொல்லியாக வேண்டும். கிளம்பியது நான். ஒரு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர், இவ்வளவுதான் பை.

காட்டூருக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு பக்கமும் நெல் அறுப்புக்கு நிற்கிற இடத்தில், பின்னால் பைக் சத்தம் கேட்டது. மாமாதான். என்னைத் தாண்டிப் போய்க் குறுக்கே நிறுத்தினார்.

"ஏறு."

"அக்கா அனுப்பிச்சாளா?"

"பின்ன, ஆசப்பட்டா வருவேன்? சோறு போடமாட்டேன்றா. ஏறு."

"நான் வரல."

வண்டியை ஸ்டாண்டு போட்டார். வயலில் ஓடிய அறுப்பு மிஷின் வரப்புக்கு வந்து திரும்பும் வரை அதைப் பார்த்தார்.

"சரிடா" என்றார். "நீதான் முன்னாடி வந்த. ஒரு படகு நீளம். போதுமா? ஒத்துக்கினேன்."

"யாருகிட்ட சொல்ற?"

"உன்கிட்டதான். இங்க வேற யாரு கீறாங்க?"

"எனக்கு முன்னாடியே தெரியும் மாமா. ஊருல சொல்லு."

"ஊருல எப்படிச் சொல்றது? தார்ப்பாய் கட்டினவன்கிட்ட தோத்தான்னு சிரிப்பானுங்க. மொதல்ல வரலன்னு சொன்னா அது வேற. பதினோரு பேர்ல ஒருத்தனாத் தோக்கறது. உன்கிட்ட தோத்தேன்றது..."

அவ்வளவு நேரம் நான்தான் இந்தப் பந்தயத்தைப் புரிந்துகொண்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் புரிந்திருந்தது. பன்னிரண்டு பேரில் தோற்பது மழையில் நனைகிற மாதிரி, எல்லோர் மேலும் விழும். ஒருவனிடம் தோற்றால் அதை ஒருவன்தான் சுமக்க வேண்டும். அவரால் முடியாது.

"வேற ஒன்னு சொல்றேன் கேளு" என்றார். "நீ வந்து அந்த வார்த்தைய சொல்லிடு. என் மொறைல வர்ற எறால்ல பாதி உனக்கு. யாருக்கும் தெரிய வேணாம். ஜெயிச்சவனுக்குச் சேர வேண்டியது சேந்த மாதிரிதானே?"

"ஒளிச்சி வச்சிக் குடுக்கறது எனக்கு வேணாம்."

"அப்ப இன்னாதான் வேணும் உனக்கு?"

"உன் மொறகூட வேணாம். கோயில் முன்னாடி நின்னு, 'மச்சான் முன்னாடி வந்தான்'னு சொல்லு. சொல்லிட்டேன்னு அக்கா போன் பண்ணட்டும். ராத்திரியோட ராத்திரியா நடந்தே வந்துடறேன்."

அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர்தான். நைனா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைவிட அவர்தான் அதிக நாள் கூட இருந்தார். ஆனாலும் வண்டியைத் திருப்பினார்.

"உனுக்குக் கொழுப்புடா" என்றார்.

"கீது மாமா. அது ஒன்னுதான் மிச்சம் கீது."

வந்த வழியே போனார். நான் போன வழியே போனேன்.

அனுப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது கால் கொப்புளித்திருந்தது. பிளாட்பார பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். போனைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. விடிகாலையில் முதல் வண்டி போன பிறகு அது அடித்தது. அக்கா.

"தண்ணி எறங்கப் போவுது" என்றாள்.

"மாமா சொன்னாரா?"

"தலவலின்னு படுத்துக் கீறாரு."

"சரி."

"நான் இன்னா சொல்லட்டும் தலைவர்கிட்ட?"

"ஒன்பதாவது வந்தேன். மாமாவுக்கு முன்னாடி வந்தேன். அதச் சொல்லு."

"அத வச்சி இன்னாடா பண்ணுவ?"

"தெரியல."

வைத்துவிட்டாள். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை ஓரம் போர்வெல் லாரி ஒன்று நின்றது. நாமக்கல் பக்கத்து ஆட்கள். ஒருத்தன் காய்ச்சல் வந்து ஊருக்குப் போய்விட்டதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் டீயை முடித்துவிட்டுப் போய் நின்றேன்.

"பைப்பு தூக்கிப் பழக்கமாப்பா?" என்றார் மேஸ்திரி.

"இல்லண்ணே. தூக்குவேன்."

"வீடு கீடுன்னு அடிக்கடி போயிட்டு வர்ற சோலி இருக்குதா? நாங்க ஒரு ஊர்ல ரெண்டு நாள் நிக்கமாட்டோமுங்க."

"இப்ப இல்ல."

ஏறச் சொன்னார். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் வண்டியை நிறுத்தி ஜாக்கி போட்டார்கள். எனக்குக் கொடுக்க அவர்களிடம் கையுறை இல்லை. கிடந்த சாக்கை இரண்டாகக் கிழித்து உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு முதல் பைப்பைத் தூக்கினேன்.