அடைமழையில் வறுத்த மணல்

மனைவி இறந்த செய்தி வந்தபோது நான் கத்தாரில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் ஏசி பொருத்திக்கொண்டிருந்தேன். அவளுடைய தங்கையின் கணவர்தான் அழைத்தார். "காக்கா, ராத்தா மவுத்தாகிட்டாங்க" என்றார். சரி என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் வைத்தேன். இறுக்க வேண்டிய திருகாணிகள் இரண்டு மிச்சமிருந்தன. அவற்றை இறுக்கிவிட்டுத்தான் ஏணியில் இறங்கினேன்.

கல்முனைக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. காத்திருக்கும்படி நானும் கேட்கவில்லை. மையவாடியில் ஈரமணல் மேட்டின் முன்னால் நின்று துஆக் கேட்டேன். கூட வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுவேன் என்று நினைத்திருப்பார்கள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சப்பாத்துக்குள் போகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வீடு மனைவியின் சீதன வீடு. அதே வளவில் அடுத்த வீடு அவள் தங்கையுடையது. வீட்டில் இனி நானும் மகளும்தான். மகளுக்குப் பதினாறு வயது. அவள் பிறந்த வருடம்தான் நான் கடல் கடந்து போனேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து முப்பது நாள் நிற்பேன். மற்ற நாட்களில் தாய் போனை அவள் முன்னால் பிடிப்பாள். "சாப்பிட்டியா?" என்பேன். "ஓம் வாப்பா" என்பாள். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த கதை. இப்போது நடுவில் போனைப் பிடிக்கவும் ஆள் இல்லை.

இப்படியே மூன்று வாரம் போனது. மழை விடவில்லை. ஒரு காலையில் முச்சக்கர வண்டி ஒன்று வாசலுக்கு வந்தது. மீன்தொட்டி செய்கிற ஒருவர் பெரிய கண்ணாடிப் பெட்டியோடு இறங்கினார். மூன்றடி நீளம், முன்பக்கம் தள்ளித் திறக்கும் கண்ணாடி, மேலே கம்பிவலை.

"இந்த ஊட்டு டீச்சர்தான் செய்யச் சொன்னாங்க. அவங்க இல்லையா?" என்றார்.

"மவுத்தாகிட்டாங்க" என்றேன். அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நேரம் கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொன்னேன். அவர்தான் தடுமாறிப்போனார்.

பெட்டி எதற்கென்று மகளிடம் கேட்டேன். அவள் தன் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு பல்லி. சுவரில் ஓடும் பல்லி மாதிரி இல்லை. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், தடித்த வால். கூடப் படிக்கும் பிள்ளையின் அண்ணன் கொழும்பில் இவற்றை வளர்க்கிறாராம். அவர் கொடுத்த குட்டி.

"தோல் கழட்டக்குள்ள விரலில ஒட்டிக்கிட்டு வாப்பா. இப்படியே உட்டா விரல் உழுந்திரும். டப்பா காணாதெண்டு உம்மாதான் சொன்னா."

அவள் ஒரே மூச்சில் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. பல்லி என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது.

"இதுக்கு இமை இரிக்கி. சுவர்ப் பல்லிக்கு இல்ல" என்றாள்.

எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. மகள் போனில் பார்த்துச் சொல்லச் சொல்லச் செய்தேன். அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளும் கரியும், அதன்மேல் வலைத்துணி. அதற்கு மேல் மணலும் களிமண்ணும் கலந்து போட வேண்டும். கடற்கரை பக்கத்தில்தானே, ஒரு வாளி அள்ளி வருகிறேன் என்றேன். உப்பு கூடாது என்றாள். வீடு கட்டும் ஒருவரிடம் ஆற்றுமணல் கேட்டு வாங்கினேன். அது சொதசொதவென்று நனைந்திருந்தது. காய வைக்க வெயிலில்லை. அவளுக்குக் குசினியில் ஒரு யோசனை வந்தது. தாய் அரிசிமா வறுக்கும் பெரிய தாச்சியை இறக்கி அடுப்பில் வைத்தாள். நான் மணலைப் போட்டு அகப்பையால் கிளறினேன்.

மணம் பிடித்து மைத்துனி வந்துவிட்டாள்.

"என்ன மச்சான் இது, மண்ண வறுக்கிறீங்க?"

சொன்னேன். அவள் முகம் மாறியது. "பல்லிய அடிச்சா நன்மையெண்டு ஓதிக் குடுக்கிறாங்க. நீங்க அதுக்கு ஊடு கட்டுறீங்க."

மகள் அடுப்பைக் குறைத்தாள். நான்தான், "ஒங்கட ராத்தா ஒண்டும் சொல்லல்லியா?" என்று கேட்டேன்.

மைத்துனி தாச்சியைப் பார்த்தாள். "அவவா? அவவுக்குப் பல்லியெண்டா உயிர் போகும். புள்ள டியூஷனுக்குப் போனா மறுகா அவதான் தீன் போடுவா. இடுக்கியால கரப்பானப் புடிச்சி, மொகத்த அங்கால திருப்பிக்கிட்டு, பிஸ்மி சொல்லிச் சொல்லிப் போடுவா" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். பிறகு பலகையில் உட்கார்ந்து அழுதாள். நான் கிளறிக்கொண்டே இருந்தேன். மணல் கருகாது, ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

அன்று பின்னேரமே பெட்டியை நிரப்பினோம். கிணற்றடியில் மனைவி பெயின்ட் வாளிகளில் வளர்த்த செடிகளிலிருந்து இரண்டு கற்றாழைக் கன்றுகளும், வாள்போல் நிமிர்ந்து நிற்கும் இலைச்செடி ஒன்றும் எடுத்தோம். ஐஸ்கிரீம் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்த தென்னந்தும்பு வைத்தாள் மகள். ஈரமான அந்த இடத்துக்குள் பதுங்கினால் தோல் சுகமாகக் கழலுமாம். மழைக்குளிருக்கு நான் ஒரு பல்பும், சூடு கூடினால் தானாக அணைக்கும் கருவியும் பொருத்தினேன். அது என் தொழில். கை தானாகச் செய்தது.

பிழை அதற்குப் பிறகுதான். செடி வாடிவிடும் என்று நினைத்து மறுநாள் காலையில் அவளிடம் கேட்காமல் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றிவிட்டேன். மத்தியானம் கண்ணாடி முழுக்கப் புகார்போல நீராவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பல்லி கண்ணாடி ஓரத்தில் எழுந்து நின்று கால்களால் பிராண்டிக்கொண்டிருந்தது. மகள் அதை எடுத்துப் பழைய டப்பாவுக்குள் விட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் பிந்தி வந்தீங்க. இதுக்கு மட்டும் என்ன அவசரம்?"

சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அந்தச் சொல் எங்கே பட்டது என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். பட்ட இடம் அகப்படவில்லை. செடிகளைப் பிடுங்கி வைத்தேன். மணலைக் கோப்பை கோப்பையாக அள்ளி மறுபடி தாச்சியில் போட்டேன்.

நாலைந்து தாச்சி முடியும்போது அவள் அரிதட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் வறுத்துக் கொட்ட, ஆறியதை அவள் அரித்தாள். அரித்துக்கொண்டே சொன்னாள், நான் மூன்று வாரமாகக் கேட்காததை.

"உம்மா சுபஹு தொழுதிட்டு இஞ்சதான் தேத்தண்ணி போட்டுக்கிட்டு நிண்டா. நெஞ்சு ஒரு மாதிரி இரிக்கி எண்டா. வாயுவெண்டு நினைச்சி இஞ்சி தட்டிக் குடுத்தேன். குடிச்சா. மறுகா அடுத்த ஊட்டு சாச்சாட ஆட்டோல கொண்டு போனம். பாதையில என்ட மடியில தல வெச்சிருந்தா. ஆஸ்பத்திரி கேட்டடியில கண்ணத் திறந்து, 'அடுப்ப நூத்தியா புள்ள' எண்டு கேட்டா. ஓமெண்டேன். நான் நூக்கல்ல வாப்பா. அடுப்பு எரிஞ்சிக்கிட்டுத்தான் இரிந்திச்சி."

"பரவால்ல" என்றேன்.

"பொய் சொல்லிட்டேன்."

"பரவால்ல புள்ள. உம்மா நிம்மதியாப் போயிருப்பா."

அவள் அரிதட்டை மடியில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் அழுதாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் கை வைப்பதா தலையில் வைப்பதா என்று தெரியவில்லை. தலையில் வைத்தேன். கையெல்லாம் மணல். அவள் தட்டிவிடவில்லை. என் கண் காய்ந்தே இருந்தது. அழ வேண்டும் என்று விரும்பினேன். அந்த விருப்பம்கூட யாரோ ஒருவருடையது போலத்தான் இருந்தது.

இரண்டாம் முறை தண்ணீரை அவள்தான் ஊற்றினாள், செடிகளின் வேரடியில் மட்டும், தேக்கரண்டியால். இரண்டு நாள் பெட்டியை வெறுமையாக வைத்து, சூட்டையும் ஈரத்தையும் கொப்பியில் எழுதினாள். பிறகு பல்லியை விட்டாள். மூன்று நாள் அது தும்பு டப்பாவை விட்டு வரவில்லை. நாலாம் நாள் மாலை மஃரிபுக்குப் பிறகு தலை வெளியே வந்தது. பழைய தோல் விரல்களிலிருந்து கழன்றிருந்தது. ஒரு விரல் நுனி மட்டும் போய்விட்டது. அது கற்றாழையைச் சுற்றி நடந்து, மகள் நீட்டிய கரப்பானைக் கவ்வியது. மைத்துனி கதவடியில் நின்று பார்த்தாள். பிறகும் அந்த அறைக்குள் வரமாட்டாள். ஆனால் கரப்பான் பிடிபட்டால் போத்தலில் போட்டு அனுப்புவாள்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். வரவில்லை என்றேன். பெரிய முடிவு எடுத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. இப்போது டவுனில் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறேன். அழுகை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். வராமலே போகிறவர்களும் உண்டு என்றார் பள்ளிவாசலில் ஒருவர்.

கம்பெனிக்குப் பதில் சொன்ன அன்று மகள் கொப்பியோடு வந்து நின்றாள்.

"வாப்பா, நாளைக்கி டியூஷனுக்கு நீங்க கொண்டு உடுவீங்களா? மழையெண்டா பஸ் பிந்தும்."

"எத்தின மணிக்கி?"

"ரெண்டரைக்கி."

"ஓம்" என்றேன்.