நான்கு கடைகளில் அக்காவின் தொகுப்பு

1. அக்கா வரைந்த பன்னிரண்டு மெல்லிய காமிக்ஸ் புத்தகங்கள் ஒரே தடித்த தொகுப்பாக அச்சில் வந்தன.
2. அம்பத்தூர், முகப்பேர், ஆவடி, பூந்தமல்லி என்று எங்கள் பக்கத்து நான்கு கடைகள் அதை வாங்கி வைத்தன.
3. இரண்டு மாதம் ஒரு பிரதிகூட விற்கவில்லை.
4. மூன்றாம் மாதத்திலிருந்து விற்றது.
5. கடைகள் மேலும் பிரதிகள் கேட்டன.
6. அக்கா வேலையை விட்டாள்.
7. விற்ற பிரதிகளை வாங்கியது நான்தான் என்பது அவளுக்குத் தெரிந்தது.

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒரு பிழையைப் பதிவு செய்யும்போது, என்ன நடந்தது என்பதை இப்படித்தான் எண் போட்டு எழுதுவோம். ஏன் நடந்தது என்பதற்குக் கீழே தனிக் கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதை யாரும் நிரப்புவதில்லை. நான் நிரப்பப் பார்க்கிறேன்.

அக்கா முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தாள். பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் இரண்டு மணி நேரம் வரைவாள். போர்வெல் மோட்டார் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணின் கதை. மோட்டார் பார்க்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெண் ஏதாவது குடும்பச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்வாள். மாதம் ஒரு புத்தகம், இருபத்து நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் எப்போதும் ஒரு விஷயம் பாதியில் நிற்கும்.

அம்பத்தூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் புத்தகக் கடையில் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கடைக்காரர் வாரப் பத்திரிகைகளோடு கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். ரயிலுக்குப் போகிறவர்கள் பத்திரிகையோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு டீயும் வடையும் வாங்கும் காசுதான். ஒரு மாதம் அக்காவுக்கு டெங்கு வந்து புத்தகம் தாமதமானபோது, நாலு பேர் கேட்டுவிட்டுப் போனதாகக் கடைக்காரர் தொலைபேசியில் சொன்னார். அக்கா படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டாவது புத்தகத்தோடு கதை முடிந்தது. நகரத்தில் சிறிய அளவில் புத்தகம் போடும் ஒரு பதிப்பாளர், பன்னிரண்டையும் சேர்த்துக் கெட்டி அட்டையில் கொண்டுவருவதாகச் சொன்னார். கடைகளுக்குப் புத்தகம் எப்படிப் போகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். கடைக்காரர் முதலில் காசு தரமாட்டார். வாங்கி வைப்பார். ஆறு மாதத்தில் விற்றதற்கு மட்டும் தருவார், விற்காதது திரும்பி வரும். முதல் சுற்று விற்று, கடைகள் மறுபடி கேட்டால், அக்கா மனதில் வைத்திருந்த இரண்டாம் பாகத்தையும் அவரே போடுவார். அக்காவின் காதில் விழுந்தது இரண்டாம் பாகம். என் காதில் விழுந்தது ஆறு மாதம்.

புத்தகம் வந்தது. நல்ல தாள், நல்ல அச்சு, மேலே கண்ணாடித்தாள் உறை. அம்மா அதைப் பூஜை அறையில் ஒரு நாள் வைத்திருந்தாள்.

மூன்றாம் மாதத்தில் நான் நான்கு கடைகளையும் சுற்றிப் பார்த்தேன். அக்காவின் தங்கை என்று எங்கும் சொல்லவில்லை. சொன்னால் பார்வை மாறும், உள்ளது உள்ளபடி தெரியாது என்று நினைத்தேன். அம்பத்தூரில் கயிறு அந்தக் கனத்தைத் தாங்காது என்பதால் பத்தாம் வகுப்பு வழிகாட்டி நூல்களுக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். ஆவடியில் வண்ணம் தீட்டும் புத்தகங்களோடு இருந்தது. பூந்தமல்லிக் கடையில் விளையாட்டுக் கோப்பைகளும் விற்பார்கள். அந்தக் கோப்பைகளுக்கு நடுவே, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் தொகுப்பு நின்றது. சாவி முதலாளியிடம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

முகப்பேர்க் கடை பெரியது. குளிர்சாதனம், கணினி ரசீது எல்லாம் உண்டு. அங்கே அது கீழ்த்தட்டில், முதுகு மட்டும் தெரியும்படி இருந்தது. இதை ஏன் மேலே வைக்கக்கூடாது என்று ரசீது போடும் பெண்ணிடம் கேட்டேன். அவள் பொறுமையாகவே சொன்னாள். எதை எங்கே வைப்பது என்பதைக் கடைக்காரர்கள் முடிவு செய்வதில்லை. வாரம் ஒருமுறை கணினி ஒரு பட்டியல் தரும். விற்றது மேலே போகும். தொண்ணூறு நாள் அசையாமல் இருப்பது திருப்பி அனுப்பும் பட்டியலுக்குப் போகும். தொகுப்புக்கு இன்னும் இருபது நாள் இருந்தது.

எனக்கு இது நன்றாகப் புரிகிற மொழி. ஒரு நிபந்தனை இருக்கிறது. அதற்கு ஒரு உள்ளீடு வேண்டும். ஒரு பிரதி வாங்கினேன். அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது தொகுப்பு கண் மட்டத்தில், அட்டை தெரிய நின்றிருந்தது. போர்வெல் பெண் ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, உண்மையான தரவோடு சோதனைத் தரவைக் கலக்கக்கூடாது என்பது. கலந்தால் பிறகு எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது. அதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே பல முறை சொல்லியிருக்கிறேன். அன்று கடை வாசலில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பேட்டரி இறங்கிய வண்டியை நாலு பேர் கொஞ்சம் தள்ளிவிடுவது போலத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓட ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடலாம்.

கண் மட்டத்தில் வைத்த பிறகும் வேறு யாரும் வாங்கவில்லை. இன்னொன்று வாங்கினேன். பிறகு அம்பத்தூரில், ஆவடியில். ஒரே முகம் திரும்பத் திரும்பப் போகக்கூடாது என்று அலுவலகத்தில் சிலரை அனுப்பினேன். எல்லாவற்றையும் என் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் வைத்தேன். பக்கத்து மேசைத் தோழி ஒரு நாள் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க அக்கா புக்க உன் ஃப்ரெண்ட்ஸே வாங்கினா அதுக்குப் பேரு சேல்ஸ் இல்லடி, மொய்."

சிரித்தேன். அவளையே அடுத்த வாரம் முகப்பேருக்கு அனுப்பினேன்.

அக்கா பதிப்பாளரிடம் வாரா வாரம் கேட்டுத் தெரிந்துகொள்வாள். எந்தக் கடையில் எத்தனை என்று என்னிடம் வந்து சொல்வாள். எனக்கு முன்பே தெரிந்த எண்ணிக்கையை முதன்முறை கேட்பது போலக் கேட்பேன். "பூந்தமல்லியில மூணு பேர் வாங்கியிருக்காங்கடி. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது," என்றாள் ஒரு நாள். யாரென்று தெரியாதவர்கள் வாங்குவதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அந்த மூவரும் எப்படி இருப்பார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தாள். கோப்பைக் கடைக்கு வருகிறவர்கள் என்பதால், இரண்டாம் பாகத்தில் ஒரு கபடிக் குழுவைச் சேர்த்தாள்.

நான்கு கடைகளும் மறுபடி கேட்டதாகப் பதிப்பாளர் சொன்ன வாரத்தில், இரவுச் சாப்பாட்டின்போது, பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டதாக அக்கா சொன்னாள். இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டாம் பாகம் மூன்று வருடம் இழுக்கும், இப்போது நிறுத்தினால் கடைகள் மறந்துவிடும் என்றாள். அம்மா ஏதோ கேட்டாள். அக்கா பதில் சொன்னாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள், ஏனென்றால் வீட்டில் யோசித்துப் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியவள் நான்.

"ம்" என்றேன்.

இரண்டாம் சுற்றுப் பிரதிகள் கட்டுக் கட்டாக வந்தன. முதல் சுற்றைவிட இரண்டு மடங்கு. அவ்வளவையும் வாங்க என்னால் முடியாது. முடிந்தாலும் அது எங்கே போய் முடியும் என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கையை எடுத்தேன். அந்த வாரமே விற்பனை நின்றது.

நேர்மையான வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். எங்கள் ஊரில் புரட்டிப் பார்க்காமல் யாரும் புத்தகம் வாங்குவதில்லை. கண்ணாடித்தாள் உறையைப் பிரிக்கக் கடைக்காரர்கள் விடுவதில்லை. அதனால் ஒரே ஒரு பிரதியைப் பிரித்து மேசைமேல் வைக்கும்படி அம்பத்தூர்க் கடைக்காரரிடம் வாடிக்கையாளராகக் கேட்டுக்கொண்டேன். வைத்தார். இரண்டு வாரத்தில் அந்தப் பிரதி உப்பிப்போனது. ஓரங்களில் எண்ணெய்க் கறை. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் நின்றுகொண்டே படித்தார்கள். ஆவடியிலிருந்து வரும் ஒரு கல்லூரிப் பெண் நாலு சாயங்காலத்தில் முழுக்கப் படித்து முடித்துவிட்டு, அடுத்தது எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

கடைக்காரர் குறையாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "படிக்கிறாங்கம்மா. நல்லா கீதுன்னு சொல்லிட்டுப் போயினே கீறாங்க. முன்ன சின்ன பொஸ்தகமா வந்தப்போ மிச்சக் கதைக்கு அடுத்த மாசம் வந்தே ஆவணும். இதுல நின்னாப்புலயே எல்லாம் முடிஞ்சிடுதே, அப்பால இன்னாத்துக்கு வாங்கறான்?"

பழைய புத்தகங்களை வாங்கியவர்களும் வரவில்லை. கதை அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. புதியவர்களுக்கு அது விலை அதிகமான குழந்தைப் புத்தகம். இந்த இரண்டு வகையும் போக, தொகுப்பை யாருக்காகப் போட்டோம் என்று யோசித்தேன். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தாள் காலியாகவே இருந்தது.

ஆறு மாதக் கெடு முடிந்து கடைகள் திருப்பி அனுப்பத் தொடங்கின. பதிப்பாளர் அக்காவை அழைத்துத் தனக்கே விளங்கவில்லை என்றார். முதல் சுற்று அப்படிப் போனது, இரண்டாவதில் ஒன்றுகூட அசையவில்லை, இப்படி அவர் பார்த்ததில்லை. அக்கா அழவில்லை. வாங்கியவர்கள் யார், அவர்களுக்கு என்ன பிடித்தது, ஏன் மற்றவர்களிடம் சொல்லவில்லை என்று கடைகளிலேயே போய்க் கேட்கலாம் என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள். ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுகொள்ளலாம் என்று கடைத்தெரு வரை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அம்பத்தூர்க் கடைக்காரர் என்னைத்தான் முதலில் பார்த்தார். "வாம்மா. இன்னிக்கு எத்தினி வேணும்?"

பிறகு பின்னால் நின்ற அக்காவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நாங்கள் ஒன்றாக வந்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. "நீயும் வந்துக்கீறியா, நல்லதாப் போச்சு. இவங்கதாம்மா உன் பொஸ்தகத்தோட கஸ்டமரு. ஒருத்தரே எட்டு வாங்கிக்கீறாங்க. ஸ்கூலு புள்ளைங்களுக்குப் பரிசு குடுக்கறதுக்காம். இந்த மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா உனக்கு இன்னா குறை?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், ரொம்ப நன்றிங்க என்றாள். வழக்கமான வார இதழ் ஒன்றை வாங்கி, பைக்குள் வைத்தாள். மற்றக் கடைகளுக்குப் போக வேண்டாம் என்றாள்.

வீட்டுத் தெரு திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கவில்லை. பின்னாலிருந்தே கேட்டாள்.

"முகப்பேர்?"

"நானும் ஆபீஸ்ல சில பேரும்."

"ஆவடி?"

"நான்."

"பூந்தமல்லி மூணும் நீயா?"

"ரெண்டு நான். ஒண்ணு தெரியல. அம்பத்தூர்லயும் ஒண்ணு தெரியல."

முப்பத்தோரு பிரதியில் இருபத்தொன்பது. எண்ணிக்கையை நான் சொல்லத் தேவையில்லாமல் அவளே போட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன். எதிரே ஒரு தண்ணீர் லாரி பின்னால் எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

"வேலைய விட்டுட்டேன்னு சொன்னேன்ல, அன்னைக்கு நீ ம்-னு சொன்ன," என்றாள். "அத மட்டும் ஏன்டி சொன்ன?"

ஏன் என்ற அந்தத் தனிக் கட்டத்தை நிரப்பப் பார்க்கிறேன். அவள் ஆசைப்பட்டது நடக்கட்டும் என்று செய்தேன் என்பது முதல் பிரதிக்குச் சரி. இரண்டாவதுக்கும் சரி. அந்த "ம்"முக்கு அது பொருந்தாது. அப்போது நான் காப்பாற்றிக்கொண்டது என்னைத்தான்.

பள்ளியில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நீ எங்கேயும் போய் எதையும் செய்யாதே என்றாள். குரலை உயர்த்தவில்லை.

இப்போதைய நிலை இது. நான்கு கடைகளிலும் தொகுப்பு இல்லை. திரும்பி வந்த பிரதிகள் பதிப்பாளரின் கிடங்கில் இருக்கின்றன. இரண்டாம் பாகம் போடப்போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா திருமழிசையில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு நிறுவனத்தில், பெட்டிமேல் அச்சாகும் படங்களைக் கணினியில் அமைத்துக் கொடுக்கிறாள். காலை ஏழரைப் பேருந்துக்குப் போனால் மாலை ஏழு மணிக்கு வருகிறாள். என்னோடு பேசுகிறாள், புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இரண்டாம் பாகம் நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது. அவள் வரைவதில்லை.