ஹெர்மோன் எழுதிய பலகை

ஹெர்மோன் தெருவில் வருகிறார் என்பதை ஏதென்ஸில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். துணி வெளுக்கிற தொழில். நாள் முழுக்க, அழுக்குப் போகச் சிறுநீர் ஊற்றிய தொட்டியில் நின்று கம்பளி மிதிக்கிற மனிதரிடம் ரோஜாவா மணக்கும்? நாடகக்காரர்களின் நீண்ட அங்கிகளும் அவரிடம்தான் வெளுப்புக்கு வரும். நாடகத்துக்கும் அவருக்கும் அவ்வளவுதான் உறவு. அந்த வருடத் தியோனிசோஸ் சாமி திருவிழாவில், நாடகப் போட்டிக்கு நடுவர்களைத் தேர்ந்தெடுக்கப் பத்துக் குலங்களின் ஜாடிகளில் கைவிட்டபோது, அவர் குலத்து ஜாடியிலிருந்து அவர் பெயர் வந்து தொலைத்தது. குலத்துக்கு ஒரு நடுவர்; ஜெயிக்க வேண்டிய கவிஞரின் பெயரை ஆளுக்கொரு சின்னப் பலகையில் எழுதித் தர வேண்டும்.

போட்டியிட்ட மூன்று கவிஞர்களில் ஒருவருடைய ஆடல்குழுவில் மனைவியின் தம்பி பிலினோஸ் இருந்தான். சும்மா விடுவானா?

"அத்தான், குளிர்காலம் பூரா தொண்டை கிழியப் பாடியிருக்கோம். வேற பேர எழுதிட்டு எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க!"

"சாமி முன்னால சத்தியம் பண்ணியிருக்கேன்டா. மனசுல பட்டதத்தான் எழுதுவேன்."

"அப்ப எங்க பேரே மனசுல படட்டும்!"

மனைவி மெலித்தா சிரிக்கவில்லை. "ஏங்க, எனக்குன்னு மிச்சம் இருக்கறது அவன் ஒருத்தன்தான். பாத்து எழுதுங்க."

அவர்களுடைய ஒரே மகன் தியோன் போர்க்கப்பலில் துடுப்பு வலிக்கப் போய் இரண்டு வருடமாகிறது. கப்பல் திரும்பவில்லை. சந்தையில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வாசித்தார்கள், அவ்வளவுதான். எப்படிப் போனான் என்று சொல்ல ஒருவரும் வீடு தேடி வரவில்லை.

முதல் நாள் பிலினோஸின் குழு பிரமாதமாக ஆடியது. ஹெர்மோனுக்குப் பெருமை தாங்கவில்லை. பலகையில் எழுத வேண்டிய பெயர் முடிவாகிவிட்டது என்று நிம்மதியாக அத்திப்பழம் மென்றார்.

மூன்றாம் நாள் யாரோ புதுக் கவிஞர். அங்கே எந்த நாடகத்திலும் யாரும் பார்வையாளர் கண்ணெதிரே சாவதில்லை. சாவு வேறெங்கோ நடக்கும், தூதுவன் வந்து சொல்வான். அன்று வந்த தூதுவன் ஒரு வயதான ராணியிடம் அவள் மகன் கடலில் மூழ்கிய கதையைச் சொன்னான். படகு உடைந்ததை, கிடைத்த ஒற்றைப் பலகையை நண்பனிடம் தள்ளிவிட்டதை, கடைசியாக அம்மாவைக் கூப்பிட்டதை. நடிகன் போட்டிருந்த முகமூடியின் வாய் அசையவில்லை, குரல் மட்டும் வந்தது. அந்தத் தூதுவன் இரண்டு வருடம் தாமதமாகத் தன் வீட்டுக்கே வந்துவிட்டதாக ஹெர்மோனுக்குத் தோன்றியது. வாய்விட்டு அழுதார். காவலன் வந்து கோலால் தோளில் தட்டினான்.

பலகை கைக்கு வந்தது. மெலித்தாவை நினைத்துக்கொண்டார். ஆனாலும் புதியவனின் பெயரைத்தான் எழுதினார்.

பத்துப் பலகையும் ஜாடிக்குள் போகும். ஐந்தை மட்டும் எடுத்து எண்ணுவார்கள், மீதியை யாரும் பார்ப்பதில்லை. எடுத்த ஐந்தில் மூன்று பிலினோஸின் குழுவுக்கு விழுந்தது. வெற்றி!

மறுநாள் மதியம் பிலினோஸ் வீட்டில் விருந்து. தலையில் வெற்றி அடையாளமாய் ஐவிக்கொடி மாலையோடு அவன் ஹெர்மோனின் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

"என் அத்தான் கை! நாத்தம் புடிச்ச தங்கக் கை!"

எல்லாரும் சிரித்தார்கள். ஹெர்மோன் திராட்சை மதுவைப் பார்த்தபடி இருந்தார். வாயைத் திறக்காவிட்டால் சாகும்வரை யாருக்கும் தெரியாது.

வீடு திரும்பும் வழியில் மெலித்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பிக்காகச் செஞ்சீங்களே, மறக்க மாட்டேங்க."

அதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. "நான் அவனுக்கு எழுதல, மெலித்தா."

அவள் கையை விட்டுவிட்டாள். "என்ன சொல்றீங்க?"

தூதுவன் சொன்னதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் வாழ்நாளில் நாடகம் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். திட்டப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார்.

"அந்தப் புள்ள... கடைசில பயந்துச்சாமா?"

"இல்லையாம். அம்மாவத்தான் கூப்டுச்சாம்."

முக்காட்டுத் துணியால் முகத்தை மூடி அழுதாள். இரண்டு வருடத்தில் அன்றுதான் சத்தம் போட்டு அழுதாள். வீட்டுக்கு வந்தும் உள்ளே போகாமல் வெளுப்புத் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. படகு கெளம்பினதுலேர்ந்து சொல்லுங்க."