ஒரு வரியை வாய்விட்டு வாசித்தபோது

போன வருடம் மழை ஓய்ந்து வெயில் மறுபடி தலைகாட்டத் தொடங்கிய சமயம். சேலம் சூரமங்கலத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையில்தான் இது நடந்தது. அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடுவோம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விடப்பட்டிருக்கும் கட்டற்ற மென்பொருட்களில் ஆர்வம் கொண்ட சிறிய குழு எங்களுடையது. நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். பொழுதுபோக்காகத்தான் இதில் சேர்ந்தேன்.

அதுவரை நாங்கள் நடத்தியதெல்லாம் வெறும் பேச்சு. புரொஜெக்டரில் படம் காட்டுவோம், வந்தவர்கள் அதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டில் யாராவது செய்து பார்த்தார்களா என்றால் இல்லை. இந்த முறை பேச்சே வேண்டாம், அவரவர் தங்கள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து தங்கள் கையாலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவட்டும் என்று முடிவு செய்தோம். படிப்படியாக வழிகாட்டும் தாள் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. ஒவ்வொரு திரையையும் படமாக எடுத்து, அழுத்த வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்த வாரமே ஒரு போன் வந்தது.

“திருச்செங்கோட்டுல இருந்து பேசறனுங்க. ஸ்கூல் டீச்சர். எனக்குக் கண்ணு தெரியாதுங்க. நான் வரலாமுங்களா?”

“தாராளமா வாங்க” என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என் தாளை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு வட்டங்கள்.

எனக்கு ஒரே குறுகுறுப்பு. கண்ணால் பார்க்காமல் இதை எப்படிச் செய்ய முடியும்? திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதி அதில் உண்டு என்று தெரியும், ஆனால் ஒருநாளும் நான் அதைத் தொட்டதில்லை. வீட்டில் அதை இயக்கிவிட்டு, திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் கடகடவென்று ஆங்கிலத்தில் பேசியது. கொஞ்ச நேரத்திலேயே எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. துண்டை எடுத்துப் பார்த்தால், நிறுவுவதற்குப் பதிலாக மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி வைத்திருந்தேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தாள் முழுவதையும் படமில்லாமல், வார்த்தையிலேயே திருப்பி எழுதினேன். “இங்கே அழுத்தவும்” என்று எழுதிய இடத்திலெல்லாம் எந்த இடம், அதன் பெயர் என்ன என்று தேட வேண்டியிருந்தது. முடித்ததும் அதை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தேன்.

பயிலரங்கு அன்று அவர் பஸ்ஸில் தனியாகவே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டார், இன்னொரு காது எங்களுக்கு. “நீங்க பக்கத்துல உக்காருங்க, ஆனா கை மட்டும் வெக்காதீங்க. நானே பண்ணோணும்” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

விரல்கள் விசைகளின் மேல் ஓடுவதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனிலிருந்து கசிந்த அந்தக் குரலை அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவரோ சாவகாசமாகத் தலையாட்டிக்கொண்டே அடுத்தடுத்த கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் முன்னால் போனதே அவர்தான்.

ஒரு இடத்தில் நின்றார்.

“இங்க வெறும் பட்டன் பட்டன்னு சொல்லுது. பேரச் சொல்ல மாட்டேங்குது. என்னங்க இருக்குது?”

எட்டிப் பார்த்தேன். பலமுறை பார்த்த திரைதான். “ஒண்ணுமில்லைங்க, எப்பவும் வர்றதுதான். என்டர் தட்டிட்டு மேல போயிடலாம்.”

“அது செரீங்க. என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லுங்க.”

எனக்குக் கொஞ்சம் அலுப்பாகக்கூட இருந்தது. சரி என்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இந்த ஹார்ட் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு கம்பெனியின் பெயர், டிஸ்க்கின் அளவு.

அவர் விரல் விசையிலிருந்து மேலே எழும்பியது.

“ஏனுங்க, அந்தக் கம்பெனிது என்ற லேப்டாப்புக்குள்ள இல்லீங்களே. அது நான் தனியா வாங்கினதுங்க.”

அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். அவருடைய கைப்பைக்குப் பின்னால் ஒரு சின்ன கறுப்பு டிஸ்க், வயரோடு லேப்டாப்பில் மாட்டியபடியே இருந்தது. “முக்கியமானவற்றை வேறு டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளவும்” என்று என் தாளில் முதல் வரியாக எழுதியிருந்தேன். அவரும் வந்தவுடன் அப்படியே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். அப்புறம் அதைக் கழற்ற வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. அழிப்பதற்கு அந்த டிஸ்க்தான் தேர்வாகியிருந்தது.

“அதுல என்னங்க இருக்கு?” என்றேன்.

“பாடம்ங்க. பிரெயில்ல தடவித் தடவிப் படிச்சு, என்ற குரல்லயே பதிஞ்சு வெச்சிருக்கறேன். பார்வையில்லாத பசங்க பரீட்சைக்குக் கேட்டுப் படிக்கறதுக்கு. பல வருசத்துதுங்க.”

வயரைப் பிடித்துக்கொண்டே போய் அந்த டிஸ்க்கை அவரே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார். “நல்லவேளைங்க. டீ கெடைக்குமுங்களா?” என்றார்.

டீ குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. தமிழ்க் குரலுக்கு மாற்றி, தன் ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்தார். ஸ்பீக்கரில் அது “திருச்செங்கோடு” என்பதை நசுக்கிப் பிசைந்து சொன்னதைக் கேட்டு அறையே சிரித்தது. “இதை ஆராச்சும் திருத்த முடியுமுங்களா?” என்று கேட்டார். முடியும், திறந்துதானே வைத்திருக்கிறார்கள் என்று சொன்னோம். “அப்ப அடுத்த பயிலரங்கு அதுதானுங்க” என்று அவரே திட்டம் போட்டுவிட்டார். இப்போது எங்கள் கூட்டங்களில் பாதிக்கு அவர்தான் திட்டம் போடுகிறார்.

அன்றிலிருந்து எங்கள் பயிலரங்குகளில் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார வைக்கிறோம். ஒருவர் திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்த பிறகே மற்றவர் விசையைத் தொடலாம். அறை ஒரே இரைச்சலாகிவிடும். “அட, இப்படியா போட்டிருக்கான்!” என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

அலுவலகத்தில் தினமும் பார்க்கும் திரையைக்கூட இப்போதெல்லாம் நான் மெல்ல முணுமுணுத்து வாசிக்கிறேன். இத்தனை வருடமும் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தும் நான் படிக்காமல் விட்ட வரிகள் இன்னும் எத்தனையோ என்ற ஆவல் எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது.